படத்தின் ஓரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

திரீனு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். கால்வலி போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். சாரெமா தீவில் காற்று ஆரம்பித்திருக்குமே?

இங்கே தம்பெரே ஆஸ்பத்திரியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் காப்பியோடு உட்கார்ந்து, டாக்டர்கள் நாங்கள் நோயைக் கோட்டைவிட்ட எக்ஸ்ரே படங்களைத் திரையில் போட்டுப் பார்ப்போம். யார் பார்த்த படம் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் ஹெல்மி என்ற எட்டு வயதுப் பெண்ணின் முழங்கால் வந்தது. மார்ச்சில் ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதியது நான். இப்போது கட்டி என்று தெரிந்திருக்கிறது. அது முழங்காலில் இல்லை. படத்தின் மேல் ஓரத்தில், தொடை எலும்பில், லேசான நிழலாக இருந்தது.

"நான்தான் பாத்தேன்" என்று கை தூக்கினேன்.

மூத்த டாக்டர் பிர்க்கோ என் தட்டில் இன்னொரு ஏலக்காய் பன்னை வைத்தார். "முட்டி வலிக்குதுன்னா எல்லாரும் முட்டியத்தான் பாப்போம். நானும் பாத்திருக்கேன். மொதல்ல சாப்பிடுடி."

சிகிச்சை தொடங்கிவிட்டது. காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். ஆறு மாதம் முன்பே என்றால்... சரி, விடுங்கள்.

கறுப்பு ரொட்டி இரண்டு அனுப்புங்கள். இங்கே கிடைப்பது ஒரே புளிப்பு. கம்பளிக் காலுறையும் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய உங்கள் போட்டோ மூன்று வாரமாக என் மேஜையில் இருக்கிறது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நேற்றுதான் ஓரத்தைப் பார்த்தேன். இடுப்போடு வெட்டிவிட்டீர்கள், ஆனால் கைத்தடியின் பிடி தெரிகிறது.

எப்போதிலிருந்து, அம்மா? வெட்டாத படத்தை அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் திரீனு