சதைமேல் ஒட்டிய பந்து

ஜூன் 9
என்னைப் பற்றி நானே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்கணும். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆனாலும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

நடையை அளக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு இன்று அன்னக்கிளி அக்கா வந்தார். தட்டாஞ்சாவடி பிஸ்கட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை, முழங்கால் வலி. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பளபளக்கும் சின்னப் பந்துகளை ஒட்டினேன். கேமராக்கள் அவற்றைப் பின்தொடரும். முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணினி சொல்லும்.

"இன்னாம்மா, கிறிஸ்மஸ் மரம் ஜோடிக்கிறியா? கொஞ்சம் பெரிய மரம்தான், பாத்துக்க."

சிரித்துவிட்டேன்.

ஜூன் 11
முட்டி உள்பக்கம் சாய்கிறது என்கிறது கணினி. செருப்புக்குள் உள்பக்கம் உயர்ந்த அட்டை வைக்கலாம், வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவோம் என்றார் என் ஆய்வு வழிகாட்டி மதிவாணன் சார். ஆனால் ஒட்டும்போது என் விரலில் பட்ட எலும்பு வெளிப்பக்கமல்லவா வளைந்திருந்தது? அப்படியென்றால் அந்த அட்டை முட்டியை இன்னும் வெளியே தள்ளி அக்காவின் வலியைக் கூட்டிவிடுமே.

ஜூன் 12
வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கால் ஊன்றி நின்ற பிறகும் தொடைப் பந்து ஆடுகிறது. அது சதையோடு போகிறது, எலும்போடு அல்ல. ஒல்லியான என் வகுப்புத் தோழி லினெட்டின் வீடியோவில் இந்த ஆட்டம் இல்லை.

"ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார் சார்.

"இல்ல சார்."

இல்லையாம்! ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 13
சொல்லிவிட்டேன் — அவர் அட்டையைக் கையில் எடுத்த பிறகு. "சார், நிக்க வெச்சு ஒரு எக்ஸ்ரே..." வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். அட்டையை மேசைக்குள் வைத்துவிட்டார்.

ஜூன் 17
எக்ஸ்ரேயில் முட்டி வெளிப்பக்கம்தான். "நல்லவேள, சொன்னியேம்மா" என்றார் சார். அடுத்த மூச்சிலேயே, "குண்டா இருக்கறவங்கள ஆய்வுலேர்ந்து எடுத்துடுவோம். ஒரு எடை வரம்பு வெச்சுக்கலாம்" என்றார்.

அந்த வரம்புக்கு வெளியேதான் நானும் நிற்பேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"நல்லா இருக்கே கதை! முட்டி வலியே எங்களுக்குத்தான். எங்கள வுட்டுட்டு யார அளப்பீங்க, வெளக்கமாத்துக் குச்சியையா?"



ஜூன் 18
சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே சொன்னேன்.

"யாரையும் எடுத்துடாதீங்க சார். பந்த எங்க ஒட்டினா தப்பு கொறையுதுன்னு எக்ஸ்ரேயோட ஒப்பிட்டுப் பாக்கலாம். அதுக்கு எங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும். மொத ஆளா என்னையே அளங்க, சார்."