உமக்குக் கிடைத்த குறைந்த புள்ளி

அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த கடதாசியை இன்று மாற்றினேன். பூச்சி உருண்டை மணத்தோடு உம்முடைய படிவம் கைக்கு வந்தது. பென்சில் வட்டங்கள் இன்னும் அழியவில்லை. வேலைக்குப் போகும் அவசரத்திலும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீர் போய் இரண்டு வருடமாகிறது.

உம்மையும் என்னையும் சேர்த்து ஆஸ்பத்திரித் தாதியர் எல்லோருக்கும் வியாழன்தோறும் தியான வகுப்பு நடந்த காலம் அது. எனக்கு ஆறு வாரப் பழக்கம். நீரோ உப்புவெளி வீட்டில் பதினேழு வருடமாகக் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து வந்தவர். வகுப்பு முடிவில், யாருக்கு எவ்வளவு கவனம் இருக்கிறது என்று அளக்க ஒரு படிவம் தந்தார்கள். புள்ளி கூட்டும் வேலை என்னிடம் வந்தது. எல்லோரிலும் கூடிய புள்ளி எனக்கு. ஆகக் குறைந்தது உமக்கு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'ஒருவர் கதைக்கும்போது என் மனம் வேறெங்கோ போய்விடுகிறது' என்ற வரியில் நான் 'ஒருபோதும் இல்லை' என்று வட்டமிட்டிருந்தேன். நீர் இட்டது 'அடிக்கடி'.

"இடம் வலம் மாறிப் போட்டிட்டீர் போல. இந்தாரும் புதுசு, வடிவா வாசிச்சு நிரப்பும்."

நீர் மறுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக நிரப்பித் தந்தீர். ஒரு வட்டம்கூட மாறவில்லை.

"பதினேழு வருசம் இருந்தும் இவ்வளவுதானோ?" என்றேன்.

"தொடங்கின புதுசில எண்டா நானும் உம்மைப் போலதான் போட்டிருப்பன்."

சமாளிக்கிறீர் என்றே நினைத்தேன். முதல் படிவத்தை அனுப்பிவிட்டு, இரண்டாவதை அலுமாரித் தட்டுக்கு விரித்தேன். அவ்வளவுதான் அதற்கு நான் கொடுத்த மதிப்பு.

மூதூரிலிருந்து வரும் வயதான முஸ்லிம் பெண்கள் தங்கள் நோவைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவில் நீர், "மன்னிக்கோணும் உம்மா, என்ர கவனம் எங்கயோ போயிட்டுது. முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்பீர். ஒரு நாளைக்கு நாலைந்து தரமாவது இது நடக்கும். நாங்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தலையை ஆட்டியே ஒப்பேற்றிவிடுவோம். உமக்குக் காது மந்தம் என்று நான் பகிடி பண்ணினேன். கிண்ணியாப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது என்னையும் ஒருமுறை நிறுத்தினீர். "பொறும். வள்ளங்களைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். திருப்பிச் சொல்லும்." எனக்குக் கோபம் வந்தது. என் கதையை அவ்வளவு முழுதாகக் கேட்டவர் நீர் ஒருவர்தான் என்று அப்போது தெரியவில்லை.

கடைசியில் எங்கள் வார்ட்டிலேயே நோயாளியாகப் படுத்திருந்தீர். ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னீர். நாலைந்து வசனம் இருக்கும். என் மனம் ஐந்தரை பஸ்ஸில் இருந்தது.

"ஓம், ஓம்" என்று தலையாட்டினேன்.

என் முகத்தையே பார்த்தீர். "கேட்டதோ?"

"ஓம்."

அடுத்த நாள் வேலைக்கு வந்தபோது உம்முடைய கட்டிலுக்குப் புதிய விரிப்புப் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகத் தியானத்தில் உட்காரத் தொடங்கினேன். உட்கார உட்கார, மனம் எத்தனை தரம் ஓடுகிறது என்று தெரிய வந்தது. முன்பும் ஓடியதுதான், நான்தான் கவனிக்கவில்லை. இப்போது நோயாளிகளிடம் நானும் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். புதிதாக வந்த தாதியர் எனக்குக் காது மந்தம் என்கிறார்களாம்.

இன்று உம்முடைய வட்டங்களுக்குப் பக்கத்தில் என்னுடையதையும் போட்டுப் பார்த்தேன். அந்த வரிக்கு 'அடிக்கடி'. கூட்டினால், உம்மைவிட இரண்டு புள்ளி குறைவு. நீர் இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பீர். அந்தச் சிரிப்புக்கு ஏங்கிப் போகிறேன்.

என்ன சொன்னீர், எதற்கு நான் ஓம் என்றேன் என்று தெரியாமலே அந்த ஓமைச் சுமந்து திரிகிறேன். என்னிடம் ஏதும் செய்யச் சொல்லியிருந்தால், அதைச் செய்துதான் இருக்கிறேனா என்றும் தெரியாது. உம்மிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

என்ர கவனம் எங்கயோ போயிட்டுது. திருப்பிச் சொல்லும்.