பொட்டல நூலில் நெய்த புடவை

அக்கா,

இன்று காலை கடையிலிருந்து வந்த சர்க்கரைப் பொட்டலத்தை வெள்ளை நூலால் கட்டியிருந்தார்கள். மருமகள் கத்தரிக்கோலை எடுத்தாள். "வெட்டாதே" என்று நான் போட்ட அதட்டலில் அவள் பயந்துபோய்விட்டாள். நகத்தால் கிண்டி முடிச்சை அவிழ்த்து, நூலை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு முழ நூலுக்கு இந்தக் கிழவி ஏன் இப்படி அலைகிறாள் என்று அவள் நினைத்திருப்பாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெம்பில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கரிக்கலாம்பாக்கத்து வீட்டுக்கு நீ மூத்த மருமகள், நான் இளையவள். பத்தாயத்தில் நெல் இருந்தது, கட்டிக்கொள்ளத் துணி இல்லை. எங்கேயோ வெள்ளைக்காரர்கள் சண்டை போட்டதற்கு நம் ஊரில் பெண்கள் கிழிசலோடு நின்றோம். நம் கூறைப் புடவைகளை நாத்தனார் கல்யாணச் சீரில் மாமியார் வைத்து அனுப்பிவிட்டார். நம்மைக் கேட்டா செய்தார்? மிஞ்சியது அந்த அரக்குப் புடவை ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு நீ வெளியே போனால் நான் ஒட்டுப்போட்டதைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் கிடப்பேன். நான் போனால் நீ கிடப்பாய். ஒரே வீட்டில் இருந்தும் நாம் சேர்ந்து தெருவில் இறங்கியதே இல்லை. வில்லியனூர்த் தேருக்குக்கூட ஒரு வருஷம் நீ, மறு வருஷம் நான்.

"ஒரு நாளாவது ரெண்டு பேரும் ஜோடியா கோயிலுக்குப் போவணும்டி" என்று நீதான் ஆரம்பித்தாய்.

நம் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை. உன் பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில். புதுத்துணி கொண்டுவந்தால் எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் வெற்றிலைக் கட்டை யார் பிடுங்கப்போகிறார்கள்? உன் அண்ணன் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வெற்றிலையும் கீரையும் கொண்டுவருவார். அவர் ஊர் நெசவாளர் தெருவில் மிஞ்சுகிற பாவு நூல்தான் கட்டுகிற கயிறு. நீ அந்த நூலை முடிச்சுப் போட்டுப் போட்டு உருண்டையாகச் சுற்றி வைத்தாய். "அண்ணே, வழியிலயே கட்டு அவுந்துபோவுது. இன்னும் நல்லாச் சுத்தி எடுத்தா" என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாய். அந்த அப்பாவி மனுஷர் அடுத்த தடவை வெற்றிலையே தெரியாத அளவுக்கு நூலைச் சுற்றிக் கொண்டுவந்தார். நாம் மாட்டுக் கொட்டாய்க்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கால் உடைந்த கட்டிலின் சட்டத்தை மாட்டுக் கொட்டாய்ச் சுவரில் சாய்த்து, அதையே தறியாக்கினாய். மேல்கட்டைக்கும் கீழ்க்கட்டைக்கும் நூலை இழுத்துக் கட்டி, மிச்ச நீளத்தை மேல்கட்டையில் சுற்றி வைத்தோம். ஒன்று விட்டு ஒரு நூலைக் கண்ணி போட்டு மூங்கில் குச்சியில் கோத்தாய். குச்சியை இழுத்தால் நூல் இரண்டாகப் பிரிந்து வழி விடும். குறுக்கே ஓட்ட, கொல்லைப் பருத்தியை விளக்குத் திரி திரிக்கிற மாதிரி தொடையில் உருட்டி நீள நீளமாகத் திரித்தோம். அடித்து நெருக்குவதற்கு உன் மரச்சீப்பு. மாட்டு மூத்திர வாடையில், வேலை ஒழிந்த நேரமெல்லாம் அங்கேதான் கிடந்தோம். "கழனி வச்சிருக்கிற வூட்ல தறியா? நாலு பேர் பார்த்தா இன்னா சொல்லுவாங்க?" என்று பெரிய மாமனார் ஒரு நாள் எட்டிப் பார்த்துக் காறித் துப்பினார்.

துணி தடிப்பாக வந்தது. தடவினால் முடிச்சு முடிச்சாக விரலில் உறுத்தும். "இதை நான் கட்டிக்கிறேன். நல்லதை நீ கட்டிக்கோ" என்றாய். "உனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்" என்றேன். "அரிச்சா சொறிஞ்சிக்கிறேன், உனக்கு இன்னா" என்றாய். தேருக்குள் முடித்துவிட வேண்டும் என்று பேய் மாதிரி வேலை செய்தோம்.

கால்வாசி நெய்திருந்தபோது உனக்குக் காய்ச்சல் கண்டது. அது இறங்கவே இல்லை. கண் உள்ளே போய்விட்டது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எங்க அம்மா வூட்டுக் கோடித்துணி மேல போடாம என்னை எடுக்க வுடாதேடி. நாதியத்தவ மாதிரிப் போவ மாட்டேன்" என்றாய். சும்மா இரு என்று உன்னைத் திட்டினேன். வேறு என்ன செய்வேன்.

நீ போன அன்று உன் அண்ணன் எப்படியோ ஒரு புதுப்புடவை வாங்கிவிட்டார். எல்லையில் பிடுங்கிவிடக் கூடாதே என்று அதை வாய்க்கால் சேற்றில் முக்கிப் பிழிந்து, பழசு மாதிரி இடுப்பில் சுற்றி மறைத்துக்கொண்டு ஓடிவந்தார். வந்து அவர் அதை அவிழ்த்தபோது ஈரம் சொட்டியது. பெரிய மாமனார் அதைத் தொடவே இல்லை.

"தண்ணி பட்டது எப்பிடிப்பா கோடியாவும்? நனைச்ச துணிய மேல போடறதா?"

உன் அண்ணன் அந்த ஈரப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பொழுது ஏறுகிறது, தூக்கலாம் என்றார்கள். பிறந்த வீட்டுத் துணி இல்லாமலே உன்னைத் தூக்கப் பார்த்தார்கள், அக்கா.

கொட்டாய்க்குப் போனேன். கதிர் அரிவாளால் தறியிலிருந்து துணியை அறுத்தேன். ஒவ்வொரு நூலாக அறுபட்ட சத்தம் இன்றைக்கும் என் பல்லில் இருக்கிறது. கொண்டுவந்து உன் அண்ணன் கையில் வைத்தேன். "நூலு உங்க வூட்டுது. நீங்க சுத்திக் கொண்டாந்தது. தறியிலேர்ந்து இப்பத்தான் இறங்குது, ஒரு சொட்டுத் தண்ணி படல. போடுங்க."

"சின்ன மருமவளுக்கு வாய் நீண்டுபோச்சு" என்றார் மாமியார். பெரிய மாமனார் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். நிரடிய முடிச்சுகளை விரலால் தேய்த்தார். பிறகு விலகி நின்றார். உன் அண்ணன் போர்த்தினார். அது முழங்கால் வரைக்குந்தான் எட்டியது. உன் பாதம் வெளியே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நெய்திருக்கலாமே என்ற எண்ணம் மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.

அன்று அரக்குப் புடவை என் உடம்பில் இருந்தது. நெய்தது உன்மேல் இருந்தது. நீ பிரித்துக்கொடுத்தபடியேதான் கட்டிக்கொண்டு நாம் சேர்ந்து தெருவில் இறங்கினோம். தெருமுனையில் பெண்களைத் திரும்பச் சொன்னார்கள். நீ மட்டும் போனாய்.

இப்போது என் பெட்டி நிறையப் புடவைகள் இருக்கின்றன. மருமகளும் நானும் சேர்ந்தே கோயிலுக்குப் போகிறோம். ஆனாலும் வாசற்படி இறங்கும்போது, கட்டிக்கொள்ள ஒன்றுமில்லாமல் யாரோ அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.