அடங்காத நுரை

ஜூலை 9, புதன்.

தென்காசி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். சிறுநீரகம் ஒரு சல்லடை. ரத்த அணுவும் புரதமும் அதைத் தாண்டக் கூடாது. என் வீட்டுக்காரருக்குப் புரதம் தாண்டிச் சிறுநீரில் ஒழுகுகிறது. நுரைப்பது அதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அரை டஜன் முட்டையை அவிக்கப் போட்டார்.

"என்ன செய்யுதிய?"

"ஒழுகுனத ஈடுகட்டணும்லா?"

"புரதம் கூடுனா சல்லடை இன்னும் கெட்டுப்போகும்னு இப்பந்தான சொன்னாரு!"

"நுரைச்சா வியாதியா, ஏட்டி? குத்தாலத்துல அருவியே நுரைக்கத்தான் செய்யுது."

சிரித்துவிட்டேன். முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

இப்போது தூக்கம் வரவில்லை. ஒன்றுக்குப் போன அவர் குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார். நான் பார்ப்பதற்குள் நுரை அடங்கிவிட வேண்டும் அவருக்கு. இன்னும் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்.