எந்தப் பார்க்கலாம், அண்ணா?

சாமு அண்ணா, என் பிரியமுள்ள அண்ணா,

இதைப் பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது பேருக்குத்தான். நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வாலிபால் வலையை மடித்து வைக்கிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன். உனக்குக் கால்ல சக்கரம் இருக்குடி என்று கேலி பண்ணுவாயே, அந்தச் சக்கரம் இந்த வாரம் முழுக்க நிற்கவே இல்லை.

விஷயம் உன் மகளைப் பற்றியது. ரூத்துக்குப் பன்னிரண்டு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. நீ எங்களை விட்டுப் போனபோது அவள் கையில் இருந்தது, கைப்பிடியை அறுத்து நான் சின்னதாக்கிக் கொடுத்த பழைய ராக்கெட். இப்போது முழு ராக்கெட் பிடிக்கிறாள். உயரம் மட்டும் இன்னும் வரவில்லை. உன் காது, அண்ணியின் பிடிவாதம். அண்ணி வழக்கம்போல ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார், ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற அதே வேலைதான். ரூத் அதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு கிளப் டென்னிஸ் கோர்ட்டுக்கு வந்துவிடுவாள். நீ கேட்டின் ஓரமாக நின்று பார்ப்பாயே, அதே சிமெண்ட் கோர்ட்தான். விரிசல் இன்னும் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு அகாடமி கோச் அம்மா வந்தார். நம்முடைய பிள்ளைகள் ஐந்து பேர் ஆடுவதைப் பார்த்தார். ரூத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடச் சொன்னார். அங்கேயே தங்கிப் படித்து, அங்கேயே ஆடலாம், எடுத்துக்கொள்ள யோசிக்கிறோம் என்றார். ஆனால் பிள்ளையைத் தினமும் பார்ப்பவள் நான்தானாம். அதனால் என் கையில் ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படிவத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பா அம்மா உயரம் என்ன, எத்தனை வருடமாக ஆடுகிறாள், தோற்றால் என்ன செய்கிறாள் என்று இரண்டு பக்கம். அதெல்லாம் எழுதிவிட்டேன். கடைசியில் ஒரு கேள்வி: பத்து வருடம் கழித்து இந்தப் பிள்ளை எந்த நிலையில் இருப்பாள்? ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண்ணைப் போடவும். பக்கத்தில் குட்டியாக ஒரு கட்டம். பத்து வருடத்தை அந்தக் கட்டத்துக்குள் அடைக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் பேனாவை மூடிவிட்டேன்.

கோபம் அந்த அம்மா மேல் இல்லை. எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் கோபம். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளை ஆட வைக்கிறேன். பன்னிரண்டு வயதில் கோப்பையாக அள்ளின பிள்ளைகள் பதினாறில் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளை உயரத்தாலேயே ஜெயித்துவிடும். மற்றவர்களும் வளர்ந்த பிறகு அதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. பந்தை வானத்துக்குத் தூக்கித் தூக்கிப் போட்டு, எதிரில் இருப்பவள் தவறு பண்ணும்வரை காத்திருக்கிற பிள்ளையும் ஜெயிக்கும். எதுவரைக்கும் என்பதுதான் கேள்வி.

ரூத் இதில் எதுவும் இல்லை. போன ஞாயிறு வேலூரில் போட்டி. தன்னைவிட ஒரு தலை உயரமான காட்பாடிப் பெண்ணிடம் 2-6, 3-6 என்று தோற்றாள். அந்தப் பெண் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள். இவளும் திருப்பித் தூக்கிப் போட்டிருந்தால் ஆட்டம் இழுத்திருக்கும், ஒருவேளை ஜெயித்தும் இருக்கலாம். இவளோ ஒவ்வொரு தடவையும் முன்னால் ஓடிவந்து, பந்து தரையைத் தொட்ட உடனே எடுத்து, பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டி அடித்தாள். பாதிப் பந்து வெளியே. உள்ளே விழுந்த பாதியைப் பார்த்த பக்கத்துக் கோர்ட் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? பிழைக்கத் தெரியாத பிள்ளை என்றா, அல்லது இப்போதே பெரியவர்களின் ஆட்டத்தை ஆடுகிற பிள்ளை என்றா? அடிப்பதற்கு முன்பே பந்து எங்கே வரும் என்று அவள் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. அதை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் உயரம் வராவிட்டால்? சர்வீஸ் இப்படியே நின்றுவிட்டால்? விடுதியில் அம்மாவைத் தேடி ஏங்கிப் போனால்? அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. இவள் உன் மகளாக இல்லாவிட்டால் அந்தப் பேக்ஹேண்ட் என் கண்ணுக்கு இவ்வளவு அழகாகத் தெரியுமா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடி கேட்டாள்: "அத்தே, நான் சென்னைக்குப் போவேனா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பாக்கலாம்."

தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள். ஆம்பூரில் இறங்கியதும் எனக்காக நிற்காமல் முன்னால் நடந்தாள். திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போன் பண்ணினால், "வயித்து வலின்றா, எய்ந்திரிக்கவே மாட்றா" என்றார் அண்ணி.

எனக்கு அந்த வயிற்று வலியைத் தெரியும் அண்ணா. எனக்கும் வந்ததுதான். எனக்கு வந்ததற்குக் காய்ச்சல் என்று பேர்.

உன்னிடம் இதை ஒரு நாளும் நான் கேட்டதில்லை. எனக்குப் பதினாலு வயது, உனக்கு இருபத்திரண்டு. விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி ஒரு கோச் வீட்டுக்கே வந்திருந்தார். நீ அப்போதுதான் தோல் மண்டியில் செலக்ஷனுக்கு மாறியிருந்தாய். ஒவ்வொரு தோலாக மேஜையில் விரித்து, முள் கிழித்த தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் தேடி, பின்பக்கத்தில் சாக்பீஸால் முதல் தரம், இரண்டாம் தரம் என்று எண் போடுகிற வேலை. அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. தோலுக்கே தரம் சொல்கிறவன் தங்கச்சிக்குச் சொல்ல மாட்டானா என்று உன்னைக் கேட்டார். நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"சாமு, நீ இவ ஆடறதப் பாத்தியே. தேறுவாளா?"

"பாக்கலாம்ப்பா."

அவ்வளவுதான் சொன்னாய். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? சைக்கிள் கேட்டால் அம்மா பார்க்கலாம் என்பாள், சைக்கிள் வராது. பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தால் பார்க்கலாம் என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவோம். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் சொல்கிற இல்லை அது. அப்பாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "பையன் வேணாங்கிறான் சார்" என்று, நீ மண்டிக்குப் போன பிறகு கோச்சிடம் சொல்லி அனுப்பிவிட்டார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காய்ச்சல் என்று படுத்தேன். நாலு நாள் கோர்ட் பக்கம் போகவில்லை; இருட்டோடு மண்டிக்குப் போய் ராத்திரி திரும்புகிற நீ அதைக் கண்டிருக்க மாட்டாய். அப்புறம் போனேன், ஆனால் பழைய மாதிரி போகவில்லை.

உனக்கு நான் இரண்டாம் தரம். இத்தனை வருடமும் அப்படி நினைத்துக்கொண்டுதான் உன்னோடு சிரித்தேன், சண்டை போட்டேன், உனக்குப் பிரியாணி கட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதும் மனசின் மூலையில் அது இருந்தது. மன்னித்துவிடு.

புதன்கிழமை ரூத்தின் ஷூவை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என் பையிலேயே அதை விட்டுவிட்டுப் போயிருந்தாள். சர்வீஸ் போடும்போது காலை இழுக்கிறாள், இடது நுனி தேய்ந்து ஓட்டை. உன் தோஸ்த் பாஷா பாய் இப்போது மகனுடைய செருப்புக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். உன்னோடு ஒரே மேஜையில் தரம் பிரித்த மனிதர், கண் இன்னும் அப்படியே இருக்கிறது. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா எஸ்தரு, ஒரு காலுதான் தேஞ்சிருக்கு. பொண்ணு அந்தப் பக்கமே தாவித் தாவிப் போவுது போல. சென்னைக்கு அனுப்பறீங்கன்னு கேள்விப்பட்டனே?"

"கேட்டா பாய். பாக்கலாம்னு சொல்லிட்டேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது அண்ணா. "அட, அப்டியே உங்க அண்ணன்! அவ்ளோ புடிச்சிருக்கா அவ ஆட்டம்?"

எனக்குப் புரியவில்லை. நான் விழித்ததைப் பார்த்து அவரே சொன்னார். "நல்லதும் சரி, கெட்டதும் சரி, சாமுக்குத் தொட்டாவே தெரிஞ்சிரும். உடனே நம்பர் போட்ருவான். எதை விட மனசு வரலியோ, அதைத்தான் பாக்கலாம்னு சொல்லி தனியா ஒரு மேஜைல வெப்பான். சாயங்கால வெளிச்சம் ஏமாத்தும்பான். காலைல வடக்கு ஜன்னலாண்ட எடுத்துட்டுப் போயி மறுபடி பாப்பான். மேனேஜருக்கு ஒரே பேஜாரு. 'இன்னா சாமு, உன் பாக்கலாம் மேஜை ஜாஸ்தி ஆயிட்டே போவுது'ன்னு சத்தம் போடுவாரு."

அப்புறம் ஷூவில் பசை தடவிக்கொண்டே, ஏதோ எனக்குத் தெரிந்த சங்கதி மாதிரி, மீதியையும் சொன்னார். "உன்னையும் அப்டித்தானே பாக்க வந்தான். மூணு நாளு காலைல, எனக்காக மேஜையப் பாத்துக்கோ பாய்னு சொல்லிட்டு கிளப்புக்கு ஓடுனான். நீ வரவே இல்லியாமே. தங்கச்சிக்கே இஷ்டமில்ல போலருக்கு பாய்னு வந்து உக்காந்தான். அன்னிக்குப் பூரா ஒரு தோலுக்கும் நம்பர் போடல."

கடையில் நின்றபடியே அழுதேன். பாய் பயந்துபோய் மகனை டீ வாங்கிவர அனுப்பினார்.

ஏண்டா அண்ணா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வீட்டுக்குள் வந்து என் போர்வையை இழுத்து, எழுந்திரு, நாளைக்கு ஆடு, நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா? நீ கேட்டுக்கு வெளியே நின்றாய், நான் போர்வைக்குள் கிடந்தேன். மண்டியில் ஒரு அர்த்தம், வீட்டில் ஒரு அர்த்தம். நீ மண்டி அர்த்தத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய். உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு சந்தோஷம் என்றும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் நானும் அதைத்தானே செய்திருக்கிறேன்? உன் மகளிடம் அதே சொல்லைச் சொல்லிவிட்டு, கோர்ட்டில் அவளுக்காகக் காத்திருந்தேன்.

நேற்று வியாழன் காலை கோர்ட்டுக்குப் போகாமல் நேராக உன் வீட்டுக்குப் போனேன். ரூத் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வையை இழுத்தேன்.

"நான் பாக்கலாம்னு சொன்னது இல்லைன்னு சொல்றதுக்கு இல்லடி."

"பின்ன?"

"எனக்குத் தெரியல. நெஜமாவே தெரியல. நீ பெருசா வரலாம், வராமயும் போவலாம். ஆனா உன் ஆட்டத்த விட எனக்கு மனசு வரல. அதனால நாளைக்கும் பாக்கணும்."

எழுந்து உட்கார்ந்தாள். "இத பஸ்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை. ஒட்டின ஷூவை வாங்கி நுனியை அமுக்கிப் பார்த்தாள்.

படிவத்தைப் போனில் படம் எடுத்து நேற்றே அனுப்பிவிட்டேன். கட்டத்தில் எண் போடவில்லை. கீழே எழுதினேன்: பத்து வருடம் எனக்குத் தெரியவில்லை. பந்தை இவள் எடுக்கிற இடத்தைப் பாருங்கள், ஸ்கோரைப் பார்க்காதீர்கள். உயரமும் சர்வீஸும் வருமா என்று சொல்ல முடியாது. நான் இவளுடைய அத்தை, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் பார்த்து முடிவு பண்ணாமல், இன்னும் ஒருமுறை காலை வெளிச்சத்தில் வந்து பாருங்கள்.

இன்று மதியம் கோச் அம்மா போன் பண்ணினார். படித்துவிட்டுச் சிரித்தாராம், இப்படி யாரும் எழுதினதில்லையாம். "கட்டம் காலியா இருக்கே மேடம்" என்றார். "காலியாவே இருக்கட்டும் மேடம்" என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "சரி மேடம், பார்க்கலாம்."

போனை வைத்ததிலிருந்து இந்த அறையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். எந்தப் பார்க்கலாம் அண்ணா இது? காபி கொடுத்து அனுப்புகிற பார்க்கலாமா, உன் மேஜையில் வைக்கிற பார்க்கலாமா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்துவிட்டது. இன்றைக்கே கூப்பிட்டு, எந்த நாள் வருகிறீர்கள் என்று கேட்டுவிடப் போகிறேன். நம் குடும்பத்தில் இந்தச் சொல்லை நம்பி இன்னொரு ஆள் போர்வைக்குள் படுக்கக் கூடாது.

அவர்கள் எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, உன் மகளின் ஆட்டத்தை நான் பாதியில் தரம் பிரிக்க மாட்டேன். தெரிந்ததைத் தெரிந்ததென்றும் தெரியாததைத் தெரியாதென்றும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்வேன். இது சத்தியம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ரூத்துக்கும் நாளைக்கு ஒரு செட் ஆட்டம், அவளே கேட்டாள். முட்டி வலிக்கும், பரவாயில்லை. நீ நிற்கிற இடம் எனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன் அண்ணா.

உன் காய்ச்சக்காரத் தங்கச்சி,
எஸ்தர்