விரிசலின் முனையில் ஒரு ஓட்டை

அண்ணா,

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. குழந்தை இப்போதுதான் தூங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று மூன்று முறை எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் சிரிப்பாய்.

இன்று சாயங்காலம் உப்புக் கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக். இரண்டே தட்டு. உலர்த்திக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். காருக்கு அடியில் புகுந்து, நம் இரும்புக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மட்கார்டின் உட்புறம் தட்டிக்கொண்டிருந்தாள் உன் மருமகள். நீ கடைசியாகப் பார்த்தபோது குப்புறக் கவிழப் பழகிக்கொண்டிருந்தவள்.

ஒரு நிமிஷம் எது எந்த வருஷம் என்று தெரியவில்லை எனக்கு. தகட்டுக்கு உள்ளே நான் படுத்திருக்கிறேன், வெளியே நீ சுத்தியலோடு நிற்கிறாய் என்றே இருந்தது.

மழையில் உப்பளம் மூடிக்கிடந்த மாதங்கள் அவை. பாத்தி பாத்தியாக வானம் தேங்கிக் கிடக்கும். அப்பா வாங்கிப்போட்டு ஓட்டாமலே போய்ச் சேர்ந்த வெள்ளைக்காரன் காலத்துக் காரை நீ அப்போதுதான் தட்டி நிமிர்த்தத் தொடங்கினாய். நீ வெளியே சுத்தியலால் அடிக்க, நான் உள்ளே அந்த இரும்புக் கட்டையைத் தகட்டோடு அழுத்தித் தாங்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரு தட்டு என்றால் பொறு, இரண்டு என்றால் நான் தயார். பேச்சே இல்லாமல் அரை நாள் போகும். உன் அடி தகடு வழியாக என் தோளுக்குள் இறங்கும்.

"பச்ச உடம்புக்காரிய காருக்கடியில படுக்க வெச்சிருக்கியேடா, பாவி!" என்று அம்மா கத்துவாள்.

"அவதாம்மா இன்ஜினியரு. நான் கூலி" என்பாய்.

விரிசலைப் பற்றவைக்கும் முன் அதன் முனையில் சின்னதாக ஓட்டை போட வேண்டும், கூரான முனைதான் மேலே மேலே கிழித்துக்கொண்டு போகும், உருண்டையான ஓட்டையில் வந்து நின்றுவிடும் என்று என் பி.எஸ்சி. பாடத்தை உனக்குச் சொன்னேன். "கிழிஞ்சத அடைக்கச் சொன்னா, இன்னொரு ஓட்ட போடச் சொல்றியே பாப்பா" என்று சிரித்தாய். ஆனாலும் போட்டாய். நின்றது.

நான் செய்த கூத்தும் உண்டு. வெல்டிங் கரியைச் சுத்தமாகக் கழுவுகிறேன் என்று நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். பெயின்ட் அடித்து எட்டு நாள்கூட ஆகவில்லை, அடியிலிருந்து துரு கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. நீ விரலால் ஒன்றை உடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "காருக்கு ஊறுகா போட்டுட்டியே!" பிறகு உப்பில்லாத மழைத் தண்ணீர் பிடிக்கக் கூரையடியில் அண்டா வைத்தோம்.

இதையெல்லாம் எழுதுவது எதைத் தள்ளிப்போட என்று உனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அனுமந்தையில் போட் இன்ஜின் வேலை பார்க்கும் உன் சிநேகிதரிடம் இரவல் வாங்கிய வெல்டிங் காஸ் சிலிண்டர் கொட்டகையில் இருந்தது. அது வெடித்துவிடுமோ என்று நான் பத்து நாளாகத் தூங்கவில்லை.

"ஒரே ஒரு விரிசல்தான் இருக்குது பாப்பா. நாளைக்குக் குடுத்துடறேன்."

"குழந்த இருக்கற வீடுண்ணா. எனக்கு பயமா இருக்குது. இப்பவே எடுத்துட்டுப் போயிடு."

நீ உடனே எழுந்தாய். அந்த விரிசலின் முனையில் ஓட்டையை மட்டும் போட்டாய். "நான் வர்ற வரைக்கும் விரிசல் ஓடாது" என்றாய். சிலிண்டரை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் மிதித்தாய். அன்றுதான் சுனாமி வந்தது. மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் வண்டி கிடைத்தது. நீ கிடைக்கவில்லை.

அனுப்பியது நான். இதுவரை யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. அம்மாகூட.

இன்று குழந்தையை வெளியே இழுக்கப் போய், நானும் உள்ளே படுத்துவிட்டேன். சாயங்கால வெயில் அந்த ஓட்டை வழியாக ஒரு கடுகளவு உள்ளே விழுந்தது. அவள் அதைப் பிடிக்கப் பிடிக்க, அது அவள் விரல்மேல் ஏறி உட்கார்ந்தது. நான் விரிசலைத் தடவிப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு வருஷம், எத்தனை உப்புக்காற்று. நீ விட்ட இடத்திலிருந்து ஒரு நூல்கூட ஓடவில்லை.

உன் மச்சான் திங்கட்கிழமை வானூரிலிருந்து கார்த் தகடு தட்டும் டிங்கர் ஒருத்தரைக் கூட்டி வருகிறாராம். "எத்தன நாளைக்கு அப்படியே போட்டு வெக்கறது? அடச்சிடலாம்" என்கிறார். நியாயம்தான். நீ வரும்வரை என்று சொன்னதை நான் எப்படி அடைக்க? அடைக்காமல் எத்தனை நாள் காத்திருக்க?

கட்டை என் மடியில்தான் இருக்கிறது. இரண்டு முறை தட்டியும் பார்த்துவிட்டேன்.

என்மேல் கோபமில்லை என்றால், அடைக்கச் சொல்லிவிடு. திங்கட்கிழமைக்கு முன்னால், எப்படியாவது, சீக்கிரம் பதில் போடு அண்ணா.