வலப்பக்கம் வழி உள்ள சீட்

என் ஆசை அப்பாவுக்கு,

கோலாலம்பூரிலிருந்து நானும் அம்மாவும் நேற்றுத்தான் பூதலூர் வந்து சேர்ந்தோம். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. அங்கே உங்கள் கல்லறை முன்னால் நின்றபோது தங்கச்சி ஸ்டெல்லாவும் அவள் வீட்டு ஆட்களும் சுற்றி இருந்தார்கள். இதையெல்லாம் அங்கே வைத்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவின் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு நீங்கள் மட்டும் பிளேன் ஏறிப் போனீர்கள். அம்மாவுக்கு வலது கால் மடங்காது, அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று அவளை இங்கேயே விட்டுவிட்டீர்கள். போன இடத்தில் நெஞ்சுவலி வந்து அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டீர்கள். உங்கள் அடக்கத்தை அம்மா என் செல்போனில்தான் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான்: "ஒரு தடவ அவரு பக்கத்துல போயி உக்காந்துட்டு வந்தாப் போதும்டி."

உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் முதலில் பிளேனில் உட்கார வேண்டுமே அப்பா.

டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்ததிலிருந்து அந்தக் கால் ஒரே நீட்டம்தான், உங்களுக்குத் தெரியாததா? அதற்கு எந்த சீட் சரி என்று நான் தெரிந்துகொள்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. அவசரக் கதவை ஒட்டிய வரிசையில் கால் நீட்டத் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் ஆபத்து என்றால் எழுந்து கதவைத் திறக்க வேண்டியவர்கள் உட்காரும் இடமாம் அது. கால் நீட்ட இடம் இருக்கிற சீட், கால் மடங்காதவர்களுக்குக் கிடையாது. நியாயம்தான், என்ன சொல்ல? மற்ற வரிசைகளில் முன் சீட் முட்டும். மிச்சம் இருப்பது முதல் வரிசை. அதிலும் உட்கார்ந்தால் வலது கைப்பக்கம் நடக்கிற வழி இருக்க வேண்டும். அப்போதுதான் வலது காலைச் சாய்த்து நீட்டலாம். வழி இடது பக்கம் இருந்தால் அம்மாவின் கால் பக்கத்து ஆள் மேல்தான் கிடக்கும்.

இதை ஏர்லைன் ஆபீஸுக்குச் சொல்லிப் புரியவைக்க எத்தனை போன்! சம்பா நடவு நேரம். வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் வரப்பில் நின்றுதான் பேசினேன். ஒருமுறை பேசியவர் மறுமுறை கிடைக்க மாட்டார். ஒவ்வொருவரிடமும் எந்தக் கால், எந்தப் பக்கம் என்று முதலிலிருந்து கத்த வேண்டும். டாக்டர் சர்டிபிகேட்டும் அனுப்பினேன். "நோட் பண்ணிட்டோம் மேடம்" என்பார்கள், அதோடு சரி. நடவு ஆட்களுக்கெல்லாம் அம்மாவின் கால் மனப்பாடம் ஆகிவிட்டது. அவர்களில் அமலி அக்கா கையில் நாற்றோடு நிமிர்ந்து, "ஏம்மா, ஒங்கப்பா மாதிரி ஜன்னல் வழியா ஒரு துண்டப் போட்டு எடம் புடிச்சிர வேண்டியதுதானே?" என்றாள். அலுப்பிலும் சிரித்துவிட்டேன்.

தஞ்சாவூர் பஸ் வந்து நிற்பதற்குள் ஓடிப்போய் உங்கள் துண்டை உள்ளே எறிவீர்களே, அது ஞாபகம் வந்தது. துண்டு கிடக்கிற சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அம்மாவை அதில் உட்காரவைத்து, நீட்டிய காலுக்கு முன்னால் ஊர் வந்து சேரும்வரை நின்றுகொண்டே வருவீர்கள். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரிடமும் "கால் இருக்குங்க, பாத்து" என்பீர்கள். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள், ஏதோ அது வேறு யாருடைய காலோ என்பது போல. தன் வாயால் அவள் அந்தக் காலைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

திருச்சி ஏர்போர்ட்டில் அதுதான் வினையாகிப் போனது. முதல் வரிசைதான் கொடுத்தார்கள், ஆனால் வழி இடது பக்கம். "ரெண்டுமே ஓர சீட்தாங்க மேடம். அந்தப் பக்கம் இருக்கறத வேற ஒருத்தர் எடுத்துட்டாங்க" என்றது கவுண்டரில் இருந்த பெண். நான் சத்தம் போட ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம், "உங்களுக்கு ரொம்ப முடியலையாம்மா?" என்று கேட்டது. அம்மா சிரித்த முகமாக, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாளே பார்க்கலாம்! எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. பெரிய இடத்தில் யார் கேட்டாலும் நம் ஆட்களுக்கு இந்த ஒரு பதில்தானே? டாக்டரிடமே அப்படித்தான் சொல்வாள்.

சக்கர நாற்காலி என்பதால் எங்களை முதலில் ஏற்றினார்கள். பிளேன் காலியாக இருந்தது. நான் பையை மேலே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அம்மா கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். நீங்கள் கொடியில் விட்டுப்போன பச்சைக் கரைத் துண்டு. எங்களுக்குக் கொடுத்த இடத்தை விட்டுவிட்டு, வழிக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர சீட்டில் அதை விரித்துப் போட்டாள். பணிப்பெண் ஓடிவந்து அது வேறொருவர் இடம் என்றாள். எனக்கு மானம் போனது. "எடும்மா, இது டவுன் பஸ் இல்ல" என்று பல்லைக் கடித்தேன். அம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

அந்த சீட்டுக்காரர் வந்தார். துண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "எனக்கு வலது காலு மடங்காதுங்க. எங்க வீட்டுக்காரரு இருந்தா அவரு சொல்லுவாரு. அவரு இல்ல. அவரப் பாக்கத்தான் போறேன்."

அவர் குடவாசல்காரராம். "துண்டு போட்டாச்சுல்ல, அப்பறம் என்னங்கம்மா? உக்காருங்க" என்று அம்மாவுக்குக் கொடுத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பணிப்பெண்ணிடமும் அவரே பேசிக்கொண்டார். பிறகு ஏறி வந்தவர்களிடம் அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "கால் இருக்குங்க, பாத்து." யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நான் இத்தனை நாள் போனில் கத்தியதெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது அப்பா?

கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லா நாற்காலி போட்டாள். அம்மா உட்கார்ந்து, காலை உங்கள் பக்கமாக நீட்டிக்கொண்டாள். மெழுகுவர்த்தி கொளுத்தினோம். அவள் அழவில்லை. கிளம்பும்போது கைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, உங்களுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த புல்லில் விரித்துப் போட்டாள். "ஏங்க, எனக்கு எடம் புடிச்சு வச்சுக்கங்க" என்றாள்.

அவர்கள் காருக்குப் போனதும் நான் திரும்பி வந்தேன். துண்டை எடுத்து உதறி, மடித்து, என் பைக்குள் வைத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா. அலுப்பாக இருக்கிறது, நிஜம்தான். ஆனால் எனக்கு அம்மா இன்னும் வேண்டும்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அவளை மறுபடி உங்களிடம் கூட்டி வருகிறேன். மறுபடியும் வரப்பில் நின்று வலது கால், வலது பக்கம் என்று கத்துகிறேன். அதுவரை அந்த இடத்தில் துண்டு வேண்டாம்.

அம்மாவின் காலுக்கு முன்னால் இப்போது நின்றுகொண்டிருக்கும்,
உங்கள் மூத்த மகள்